அப்பாவின் வகிடு

"வண்டி நாலு மணிக்கு வந்துரும். சவரம் பண்ண வேற கடையிலேர்ந்து யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றான் அண்ணன்.

அவள் கிண்ணத்தில் சோப்பு நுரையைக் கலக்கிக்கொண்டே தலையசைத்து மறுத்தாள். "அப்பா இன்னொருத்தர்கிட்ட முகத்தைக் காட்டினதே இல்லண்ணா. நானே பண்றேன்."

காலையில் கண்ணை மூடிய அப்பா மூன்று வாரத் தாடியோடு கட்டிலில் கிடந்தார். நாற்பது வருடம் அடுத்தவர் முகத்தைப் பளபளக்க வைத்தவரை இந்தக் கோலத்தில் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. நாலு பேர் வந்து பார்க்கும்போது அப்பா அப்பாவாக இருக்க வேண்டும்.

சின்ன வயதில் பள்ளி விட்டதும் அவள் நேராக அப்பாவின் முடிதிருத்தும் கடைக்குத்தான் போவாள். சுவரோரப் பெஞ்சின் மூலை அவளுக்கு. அங்கே முடி வெட்ட வந்தவர்களைவிட அரட்டைக்கு வந்தவர்கள்தான் அதிகம். நாட்டை எப்படி ஆள வேண்டும் என்று தெரியாதவர் அந்தப் பெஞ்சில் ஒருவரும் இல்லை. நாற்காலிக் கைகளின் மேல் பலகை போட்டு உட்கார வைத்த குழந்தைகள், கத்தரி சத்தம் கேட்டதுமே ஊரைக் கூட்டும். அப்பா திரும்பாமலே, "என்ன, பாடம் எழுதாம வாயப் பாத்துட்டிருக்க?" என்பார். அவருக்கு முதுகிலும் கண் உண்டு என்று அவள் நம்பியிருந்தாள். எவ்வளவு சந்தோஷமான நாட்கள்! வீட்டில் அவரைப் பார்த்தது குறைவு. அவள் எழுமுன் கிளம்பிவிடுவார், தூங்கிய பிறகுதான் வருவார்.

ஒரு கீறல் விழாமல் மழித்து முடித்தாள். முடியை ஈரமாக்கி, வகிடெடுத்துப் படியச் சீவினாள். கண்ணுக்குள் நின்ற அதே அப்பா.

மடித்த சட்டையோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றாள். "என்னடி, வகிட்ட மாத்தி எடுத்திருக்க? அவருக்கு இடது பக்கம்."

"இல்லம்மா, வலதுதான். தினமும் பாத்திருக்கேனே."

"எங்க பாத்த?"

"கடையில. பெஞ்சுல உக்காந்து, எதிர்ல கண்ணாடியில..."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்தது. அண்ணன் பக்கென்று சிரித்துவிட்டான். அம்மாவுக்கும் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையானது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஏக்கமாக இருந்தது.

அம்மா சீப்பை வாங்கி வகிட்டை இடப்பக்கம் மாற்றினாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. "கிளம்பலாமா?" என்றான் அண்ணன்.

"ரெண்டு நிமிஷம்ண்ணா" என்று அவள் ஒரு நாற்காலியை இழுத்து, அப்பாவின் முகம் நேருக்கு நேர் தெரிகிற பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.