மேற்கு பதினேழாம் கல்

திருவேங்கடம் கடப்பாறையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி நடந்தபோது மூன்று மணி வெயில். கோட்டு போட்ட மனிதர் கையில் கடப்பாறை. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

பின்னே எரியாதா? பம்பாய் வரை போய் ஆர்கிடெக்ட் படிப்புப் படித்துவிட்டு, பங்களா கட்டிக்கொடுத்துச் சுகமாக இருக்காமல், பாழடைந்த கோயிலும் மண்டபமுமாகப் பதினெட்டு வருஷம் அலைந்தவர். போன வருஷம், பட்டாளத்துக்கு இடம் வேண்டுமென்று ஆவடிப் பக்கத்தில் ஒரு வழிப்போக்கர் மண்டபத்தை இடிக்க உத்தரவு வந்தது. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, இடிக்காமல் பிரித்தெடுக்க அனுமதி வாங்கினார். கல்லுக்குக் கல் வெள்ளைச் சாயத்தில் எண் போட்டார். எந்தக் கல் எதன் தலையில் உட்கார வேண்டும் என்று வரைபடம் போட்டார். திருமுல்லைவாயில் ஏரிக்கரையில் திரும்பவும் எழுப்புவதாகப் பேச்சு. ஸ்டேஷனிலிருந்து ஜனங்கள் நடந்துவரப் பாதையையும் அவரே வரைந்தார். மூன்றாவது பனைமரத்தில் பாதை திரும்பும், திரும்பினதும் மண்டபம் கண்ணில் படும். அந்தத் திருப்பத்துக்காக மட்டும் ஐந்து தடவை நடந்து பார்த்திருந்தார்.

நேற்று என்ஜினீயர் ஜானகிராமன் வெற்றிலையை மென்றபடி சொன்னார். "பாதை போட்டாச்சு ஓய். துரை பார்க்க வரார். சண்டைக் காலம், ஜல்லி கெடைக்கல. உம்ம கல்லு சும்மாதானே கெடந்தது, அதையே பரப்பிட்டேன். நாளைக்கு நாலு மணிக்கு மேல செம்மண்ணக் கொட்டி ரோலர் ஓட்டிட்டா மட்டமாயிடும்."

"சார், அது மண்டபம்."

"மண்டபம் எங்கே இருக்கு? கல்லுதானே இருக்கு. நம்பர்தான் போட்டு வச்சிருக்கீரே, சண்டை முடிஞ்சதும் தோண்டி எடுத்துக்கும்."

பாவி மனுஷன். ரோலர் ஏறி இறங்கினால் பூவேலை செய்த கல்லில் என்ன மிஞ்சும்? இரவெல்லாம் தூங்காமல் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மற்றதெல்லாம் போகட்டும், மேற்கு பதினேழை மட்டுமாவது ரோலர் வருவதற்குள் நெம்பி ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். அவர் போட்ட எண் அது, மண்டபத்து மேற்குக் கூரையின் நடுக்கல். எட்டு இதழ்த் தாமரை.

அந்தக் கல் மூன்றாவது பனையடியில் மல்லாந்து கிடந்தது. அதன்மேல் புல்லுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தாள் கன்னியம்மா. மண்டபத்தைப் பிரித்தபோது மண் சுமந்தவள். இப்போதுதான் ஏரியில் இறங்கி ஏறியிருக்கிறாள், காலெல்லாம் ஈரம்.

"எறங்கு. அது மிதிக்கிற கல்லு இல்ல."

அவள் இறங்கவில்லை. "தெரியும் சாமி. உச்சியில இருந்த கல்லு. உள்ள வந்து அண்ணாந்து பாக்கக்கூட எங்கள உட்டதில்ல. அன்னிக்கு மழ புடிச்சிகிச்சே, நீங்க உள்ள குந்திகினு படம் போட்டீங்க. நாங்க வெளிய நனஞ்சிகினு நின்னோம். நெனப்பு கீதா?"

நினைப்பு இருந்தது. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே வாங்க என்று சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. காகிதம் நனையக்கூடாதே என்பதுதான் அன்றைக்கு அவர் கவலை. கல்லில் இருந்த கீறலைக்கூட விடாமல் குறித்தவர், அவர்கள் நின்ற இடத்தை எந்தத் தாளிலும் குறிக்கவில்லை.

கோபம் இன்னும் ஏறியது. யார்மேல் என்றுதான் இப்போது தெரியவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ரோலர் வந்துடும். இது நொறுங்கிப் போயிடும், புரியுதா?"

"நொறுங்கட்டுமே. நீங்க திரும்பக் கட்டுனா மட்டும் எங்கள உள்ள உடுவாங்களா?"

விடுவார்கள் என்று சொன்னால் அது பொய்.

ஏரிப் பக்கம் ரோலரின் கரும்புகை எழும்பியது. திருவேங்கடம் கடப்பாறையின் முனையைக் கல்லின் இடுக்கில் செருகினார். அழுத்தவில்லை. தாமரையின் நடுவில் அவள் பாதம் இருந்தது. அதிலிருந்து வழிந்த தண்ணீர் இதழ் இதழாக இறங்கி, ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது.