கம்பளி போர்த்தாத வண்டி

கையுறையைக் கழற்றிவிட்டு, வண்டியின் பானெட் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள் தெல்கெர்மா. தோல் ஒட்டிக்கொள்வதற்குள் எடுத்துவிட்டாள். இரும்பு விறைத்துக் கிடந்தது. விற்கிறவர் முன்கூட்டியே எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி வைக்கவில்லை. குளிரில் கிளம்பாததை மறைக்கும் எண்ணம் இல்லை போலும், நல்ல அறிகுறி என்று நினைத்தாள். உடனே, இவர் ஏமாற்றத் தெரியாதவரா, இல்லை ரொம்ப விவரமானவரா என்று சந்தேகமும் வந்தது.

"காய்ச்சல் அடிக்குதா?" என்று பின்னாலிருந்து கேட்டான் ஒர்கில்.

"சும்மா இரு."

"நாடி பாக்குறியேன்னு கேட்டேன்."

ஒர்கில் அவள் கணவன். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு ஒன்றரை வருடமாகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை, கணவாய்க்கு அப்பால் இருக்கும் மாகாண நகரத்து மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் அவனால் நடமாட முடியும். இதுவரை பயணிகள் வேனில் போய்வந்தார்கள். போன வாரம் அந்த வேன் கணவாயின் பாதியில் நின்றுவிட்டது. எதிரே வந்த லாரியில் ஏறி ஊர் திரும்பினார்கள். ஒரு முறை தவறிப்போனது. அடுத்த முறை வருவதற்குள் அவன் முகம் ஊதி, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது. நகரத்துக்குக் குடிபோகவும் வழியில்லை. ஊர் வானிலை நிலையத்தில் வெப்பமும் காற்றும் பார்த்துக் குறிப்பது தெல்கெர்மாவின் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆகவே சொந்தமாக ஒரு வண்டி வேண்டும். எந்தக் காலையிலும் கிளம்ப வேண்டும், கணவாயில் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்பது.

அதற்காகத்தான் நிலக்கரி லாரியில் தொற்றிக்கொண்டு, மலையடிவாரத்தில் இருக்கும் தம்தினின் குளிர்காலக் குடியிருப்புக்கு வந்திருந்தார்கள். ஒரு கம்பளிக் கூடாரம், கல் அடுக்கிய ஆட்டுப்பட்டி, இரண்டுக்கும் நடுவில் அந்த வண்டி. ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தது. வலப்பக்க ஸ்டியரிங், சாம்பல் நிறம், நடுத்தர உயரம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்த காலத்தில் செய்தது. தம்தினுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை. ஓட்ட முடியவில்லை என்றுதான் விற்கிறார்.

அவள் ஒரு பழைய கம்பளத்தை விரித்து வண்டிக்கு அடியில் போனாள். அடிச்சட்டம் துருவில்லாமல் கெட்டியாக இருந்தது; எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி ஒலித்தது. பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிவு. அது மாற்றக்கூடியதுதான். மாற்றக்கூடியதுதானா என்று தன்னையே இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள். பழைய வண்டி பார்ப்பது எப்படி என்று போனில் எத்தனையோ பாடம் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பாடங்களில் யாருக்கும் பனியில் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

எழுந்து பின்பக்கம் வந்தபோதுதான் அதைக் கவனித்தாள். வண்டியில் வேறெங்கும் பெரிய காயம் இல்லை. புகைக்குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றி மட்டும் பம்பர் முழுக்க வெட்டு வெட்டாகக் கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. குழாயின் வாய்கூட ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"ஐயா, இங்க ஏன் இவ்வளவு கீறல்?"

"கல்லு பட்டிருக்கும் மகளே."

"கல்லு கீழேருந்துதான் தெறிக்கும். இது மேலேருந்து கீழ எறங்கியிருக்கு."

தம்தின் பட்டியைப் பார்த்தார். "இத்தனை வருஷம் உழைச்சா கீறல் விழாதா? எனக்குந்தான் இருக்கு, காட்டவா?"

அவள் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இருக்கை உறை புதியது. அதன் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் பழைய துணி முழுக்கச் சின்னச் சின்னக் குழிகளும் கிழிசல்களும். சீட் பெல்ட்டின் ஓரம் நார் நாராகச் சப்பப்பட்டிருந்தது.

"பேரப்புள்ளைங்க ஏறி மிதிச்சிருக்கும்" என்றார் தம்தின், யாரும் கேட்காமலே.

ஒர்கில் குனிந்து அந்தக் குழிகளைப் பார்த்தான். "உங்க பேரப்புள்ளைக்கு எத்தனை காலு பெரியவரே?"

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெல்கெர்மா சாவியைத் திருப்பினாள். ராத்திரிக் குளிர் இல்லாததால் எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக இருந்தது. வெப்பக்காற்றை முழு வேகத்தில் வைத்தாள். காற்றுத் துவாரங்கள் இருமின. பிறகு அவற்றிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. இழை இழையாக, எடையே இல்லாமல், வண்டிக்குள் மிதந்து ஏறியது. பனிதான் உள்ளே பெய்கிறதோ என்று ஒரு நொடி தோன்றியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

ஒர்கில் ஒரு இழையைப் பிடித்து விரலில் உருட்டினான். "ஆட்டு மயிரு. அதுவும் குட்டியோட மெத்து மயிரு. சால்வையும் சேத்து விக்கிறீங்களா?"

"உள்ள வாங்க, டீ ஆறுது" என்றார் தம்தின்.

கூடாரத்துக்குள் அவர் மனைவி செவெல்மா உப்புப் போட்ட பால்தேநீரை ஊற்றினாள். ஒர்கிலுக்கு அரைக் கிண்ணத்துக்கு மேல் ஆகாது என்று தெல்கெர்மா சொன்னதும், செவெல்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"எதை?"

"உயிரைக் காப்பாத்திக்க வண்டி வாங்குறாங்க. இவங்ககிட்டப் போய் மறைக்கிறீங்களே."

தம்தின் மூக்குப்பொடிப் புட்டியை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செவெல்மா சொல்லத் தொடங்கினாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மார்ச் கடைசியில ஒரு பொயல் வந்துச்சே."

தெல்கெர்மாவின் கிண்ணம் உதட்டருகே நின்றது. அந்தப் புயலை அவளுக்குத் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் அது. கருவி மேடைக்கும் வாசலுக்கும் கல்லெறி தூரம்தான்; ஆனால் அன்று இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் போனாள். கை நீட்டினால் கை தெரியவில்லை. காற்றுமானியில் அவள் குறித்த கடைசி எண், அதற்கு முன்னும் பின்னும் அவள் எழுதாத எண். அதன்பின் மானி முறிந்துவிட்டது. பதிவில் அந்த இரண்டு நாளும் காற்றின் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.

"அன்னிக்கு நாங்க குளிர்கால எடத்துலேருந்து வசந்த கால எடத்துக்கு மாறிக்கிட்டிருந்தோம்" என்றாள் செவெல்மா. "மருமக மடியில பச்சக் கொழந்தை. பின்னாடி, பொறந்து நாலஞ்சு நாளான குட்டிங்க, சீட்டுலயும் சீட்டுக்கு அடியிலயும். பள்ளத்தாக்கு நடுவுல வந்து புடிச்சுது. பானெட்டே தெரியல. நிறுத்திட்டோம். ரெண்டு ராத்திரி, நடுவுல ஒரு பகல். எஞ்சினை அணைக்கவேயில்ல."

"பெட்ரோல்?"

"டேங்க் நெறைய இருந்துச்சு, கேன் ஒண்ணு இருந்துச்சு. அதை ஊத்தும்போது இவரு கையி ரெண்டும் வெறகு மாதிரி ஆயிருச்சு. ஆனா பயம் குளிரைப் பத்தி இல்ல மகளே. பனி ஏறி குழாயை மூடிட்டா பொகை உள்ள வந்துரும். தூங்கற மாதிரியே போயிருவோம். அதனால இவரு கயித்தைக் கட்டிக்கிட்டு எறங்குவாரு, குழாயைச் சுத்தி வெட்டுவாரு, ஏறுவாரு. கொஞ்ச நேரத்துல மறுபடி. எங்க வெட்டுறோம்னு யாருக்குத் தெரியும், மண்வெட்டி வண்டி மேலதான் பாதி விழுந்துச்சு. அதுலேருந்துதான் கண்ணு பொகைஞ்சுதுன்னு நான் சொல்றேன். டாக்டர் வயசுங்கறாரு."

அடுப்பில் சாணம் கனன்று சரிந்தது.

தெல்கெர்மா அந்த வெறும் கட்டத்தை நினைத்தாள். மேடையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இதற்குள் உயிர் எதுவும் இருக்க முடியாது என்று நினைத்தது ஞாபகம் வந்தது. அதே நேரம், அதே காற்றுக்குள், ஒரு இரும்புப் பெட்டி நான்கு மனிதர்களையும் ஆட்டுக்குட்டிகளையும் மூச்சுவிட வைத்துக்கொண்டு முனகியபடி நின்றிருக்கிறது.

ஆனால் அவள் வண்டி பார்க்க வந்தவள். கேட்பதா வேண்டாமா என்று தயங்கி, கேட்டாள்.

"ஐயா, நின்ன எடத்துலயே அவ்வளவு நேரம் ஓடுறது எஞ்சினுக்குக் கெடுதல்னு சொல்றாங்க. உள்ள தேஞ்சிருக்கும்."

"தெரியும். அதான் சொல்லல." தம்தின் புட்டியை மூடினார். "மறுநாளே எண்ணெய் மாத்தினேன். அப்புறம் ரெண்டு குளிர்காலம் ஓட்டிட்டேன். ஆனா சத்தியமா உள்ள எப்படியிருக்குன்னு எனக்குத் தெரியாது. சொன்னா நீ வாங்க மாட்ட. சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. இவ நடுவுல பூந்துட்டா."

தெல்கெர்மா யோசித்தாள். பாடங்களின்படி பார்த்தால் எழுந்து போய்விட வேண்டும். பாடம் எடுத்தவர்கள் யாரும் அந்தப் புயலைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கதையைக் கேட்டு உருகிப்போய் ஒர்கிலின் உயிரை ஒரு தேய்ந்த எஞ்சினிடம் ஒப்படைக்கிறோமோ என்ற பயமும் இருந்தது.

"இன்னிக்கு ராத்திரி வண்டி வெளியில நிக்கட்டும்" என்றாள். "கம்பளி போர்த்த வேணாம், எஞ்சினுக்கு அடியில கரி வெச்சு சூடு காட்ட வேணாம். காலையில நானே கெளப்பிப் பாக்கறேன்."

"வானம் மேகமில்லாம தொறந்து கெடக்கு மகளே. மைனஸ் நாப்பது டிகிரிக்குக் கீழ போகும்."

"தெரியும் ஐயா. அதுதான் என் வேலை."

"நாளைக்குத்தானே இவனுக்கு முறை? லாரியும் போயிருச்சு. கெளம்பலைன்னா?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. இன்னொரு முறை தவறினால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை அவள் வீட்டில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. போர்த்திவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நான்தானே சரக்கு" என்றான் ஒர்கில். "சரக்கை யாரும் கேக்க மாட்டேங்கறீங்க." கிண்ணத்தை வைத்தான். "ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி அரை நாள் நிக்கப் போகுது. அங்க எந்தச் செவெல்மா அம்மா வந்து போர்த்துவாங்க? நிக்கட்டும். நாளைக்கே தெரிஞ்சுரட்டும்."

காலையில் கூடாரத்தின் புகை ஒரு கம்பம் போல நேராக நின்றது. சூரியன் மேடேறும்போது உறைபனியில் ஒளி சிதறி, அதற்கு இருபுறமும் இரண்டு போலிச் சூரியன்கள் ஒளிர்ந்தன. காற்றில் பனித்தூள் அசையாமல் மினுங்கியது. மூக்குக்குள் முடி விறைப்பதை வைத்தே நாற்பதைத் தாண்டிவிட்டது என்று தெல்கெர்மாவுக்குத் தெரிந்தது. வண்டி முழுக்க வெண்மை படர்ந்து, பூமியிலிருந்து முளைத்த பாறை போல இருந்தது.

ஒர்கில் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தான். தம்தின் ஒரு தகரத்தட்டில் கனலும் கரியோடு சற்றுத் தள்ளி நின்றார். அருகே வரவில்லை.

முதல் திருப்பில் எஞ்சின் ஒரு தரம் முனகி, இன்னொரு தரம் முனகி, நின்றது. இரண்டாவது திருப்பில் ஏதோ ஒன்று பற்றிக்கொள்ளப் பார்த்தது, வண்டி உதறியது, அடங்கிவிட்டது.

"கரியை வெச்சுரட்டுமா?" என்றார் தம்தின்.

அவளுக்கு அழுகை முட்டியது. இன்னும் இரண்டு தரம் திருப்பினால் பேட்டரி படுத்துவிடும். அப்புறம் கரியும் உதவாது. இப்போதே ஒத்துக்கொண்டால் எப்படியாவது கிளம்பிவிடலாம். ஒர்கிலைப் பார்த்தாள். அவன் கண்ணாடியில் தன் மூச்சு உறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவியை முழுக்கத் திருப்பாமல், பாதியில் வைத்துக் காத்தாள். பின்னால், டேங்க் பக்கம், பம்ப்பின் மெல்லிய ரீங்காரம் கேட்டது. அணைத்தாள். மறுபடி பாதியில் வைத்தாள். மறுபடி ரீங்காரம். பெட்ரோல் வருகிறது. அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இன்னொரு தரம் அப்படியே செய்துவிட்டு, முழுக்கத் திருப்பினாள்.

எஞ்சின் மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றியது. ஒரு சிலிண்டர் வெடித்தது. வண்டி முழுக்கக் குலுங்கியது. இரண்டாவது. உள்ளே இரும்பு இரும்போடு மோதுவது போல ஒரு சத்தம் நெஞ்சில் இடித்தது. விடாமல் பிடித்திருந்தாள். பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. நடுக்கம் அடங்கியது. அந்த மலையடிவாரத்தின் அமைதி முழுவதும் அந்த ஒரு சத்தத்தைச் சுற்றி நின்றது. பின்னால் வெள்ளைப் புகை எழும்பி, சூரிய ஒளி பட்டுச் சிவந்து, பட்டியைவிட, கூடாரத்தைவிட உயரமாக ஏறிக்கொண்டே போனது. ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவளுக்கு இப்போதும் தெரியாது. ஆனால் இந்தக் குளிரில் கிளம்பியது என்பது தெரியும்.

கண்ணாடியை இறக்கினாள். "எடுத்துக்கறோம் ஐயா."

தம்தின் கரித்தட்டைப் பனியில் வைத்தார். செவெல்மா பால் கரண்டியோடு வந்து, வழி நல்லபடி அமைய, நான்கு சக்கரங்களிலும் தெளித்தாள். தொட்ட இடத்திலேயே பால் உறைந்தது. கிழவர் வண்டியின் முகப்புக்கு வந்தார். அங்கி நுனியை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு, இரண்டு விளக்குகளுக்கும் நடுவே, பானெட்டின் விளிம்பை மெல்லத் துடைத்தார். வெண்மை கலைந்து கொஞ்சம் சாம்பல் நிறம் தெரிந்தது. அந்த நுனியை மடித்து மார்புக்குள் செருகிக்கொண்டார்.

விற்ற குதிரையை அனுப்பும்போது அதன் மூக்கை அப்படித் துடைத்து வைத்துக்கொள்வதை தெல்கெர்மா பார்த்திருக்கிறாள். வீட்டின் கொடுப்பினை அதோடு போய்விடக் கூடாது என்பதற்காக. ஒரு இரும்புக்கு யாரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

ஒர்கில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் கைப்பிரேக்கை விடுவித்தாள். வண்டி பனியை நெரித்துக்கொண்டு கணவாயின் பக்கம் திரும்பியது.