சிதையாத தோள்கள்

கராஜ் உத்தரத்தில் சில நாளாகத் தொங்கிக்கொண்டிருந்த பெண்மானின் தோலை ஆர்லின் அன்று காலைதான் உரித்து முடித்தாள். விஸ்கான்சினில் நவம்பர் குளிர் ஐஸ்பெட்டியைத் தோற்கடிக்கும். கறி கெடாது, பதமாகும்.

அந்த வீட்டில் டெல்மருக்கு வேலை சுடுவது, பிறகு குளிர்காலம் முழுக்க அதைப் பற்றிப் பீற்றிக்கொள்வது. எலும்பு எடுப்பது, சவ்வு சீவுவது, தொடையைப் பிரித்துப் பொட்டலம் கட்டுவது எல்லாம் அவன் மனைவி ஆர்லின் தலையில். சுட்டவருக்கு, அறுத்த அன்றிரவே, மானிலேயே மெத்தென்ற கறியான முதுகுத்தசை, வெண்ணெயில் வாட்டி. அறுத்தவளுக்குக் கழுத்துக்கறிக் குழம்பு. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஆர்லின் ஒரு துண்டு முதுகுத்தசையைக்கூடத் தன் தட்டில் பார்த்ததில்லை.

இந்த வருஷம் டெல்மர் வழக்கம்போல மானுக்குக் காத்திருக்க மரத்தில் கட்டிய மேடையில் தூங்கிப்போனான். கீழே ஓடையோரம் பழைய துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த ஆர்லினுக்கு மான் வந்தது. முதல் மான், ஒரே குண்டு. அன்றிலிருந்து அவளுக்கு நாக்கில் வெண்ணெய் வாசனை. அவனுக்கோ முகம் தூக்கிவைத்தது வைத்தபடி.

பங்கு வாங்க பீர் பாட்டில்களோடு வந்து சேர்ந்தான் டெல்மரின் தம்பி வெண்டல்.

"அடேயப்பா, டெல்! நல்ல மானாத்தான் அடிச்சிருக்க. எங்க மாட்டுச்சு?"

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஓடையோரமா வந்துச்சு. மேடையிலிருந்து ஒரே போடு."

ஆர்லினின் கத்தி நின்றது. இப்போது வாயைத் திறந்தால் வெண்டல் அதை வேடிக்கைப் பேச்சு என்று சிரித்துத் தள்ளுவான். திறக்காவிட்டால் முதுகுத்தசை இன்றிரவு டெல்மர் தட்டுக்குப் போகும். அவளுடைய மான் ஊர் பாரில் அவன் மானாகவே திரியும்.

அவள் முன்னங்காலைத் தூக்கிப்பிடித்து அடியில் கத்தியை ஓட்டினாள். அந்த இடத்தில் மூட்டு கிடையாது. தோள் தானாகக் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. இரண்டையும் வெண்டல் முன்னால் பலகையில் வைத்தாள்.

"இந்தா வெண்டல், ரெண்டு தோளையும் நீயே எடுத்துக்க. பன்னிக்கொழுப்பு சேத்து அரைச்சா சாஸேஜ் நல்லா வரும்."

வெண்டல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தான். மற்றதையும் புரட்டினான். எலும்பு நொறுங்கவில்லை, ரத்தம் கட்டவில்லை. குனிந்து, விலாவில் இருந்த ஓட்டையில் விரலை வைத்தான்.

"டெல், உன் வீட்டுல முழுத்தோளை நான் பாத்ததே இல்லையே. நீ எப்பவும் தோள்லதான சுடுவ? பாதி நாய்க்குத்தான போகும்?"

"இந்த வாட்டி குறி நல்லா விழுந்துச்சு."

"தூக்கத்துலயா?"

வெண்டல் ஆர்லினைப் பார்த்தான். அவள் முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது.

"யம்மாடி! நீயா?"

"நான்தான்." குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "ஒரே குண்டு."

வெண்டலுக்குச் சிரிப்பில் பீர் புரையேறியது. டெல்மர் வீட்டுக்குள் போனான். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான் என்றே ஆர்லின் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டோடு திரும்பி வந்தான்.

"அதைக் கொடு."

"எதை?"

"முதுகுத்தசையை. சட்டி காயுது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் பொய் சொன்னேன். சுட்டவ நீதான்."

அடுப்புப் பக்கமே போகாத ஆள். இரண்டு நிமிஷத்தில் எடுக்கவேண்டியதைப் பயந்து பயந்து ரொம்ப நேரம் வாட்டினான். செருப்புத்தோல் மாதிரி ஆகிவிட்டது.

"நல்லாருக்கா?" என்று கேட்டான்.

"நல்லாருக்கு," என்று மென்றுகொண்டே சொன்னாள் ஆர்லின். அவளுக்கு நிஜமாகவே நன்றாக இருந்தது.

வெண்டல் முள்கரண்டியை நீட்டினான். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் கழுத்துக்கறி இருக்கு," என்றாள்.