வலப்பக்கம் திரும்பாத குதிரை

பத்து நிமிடமாகக் கிருபாபாய் குதிரையின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அமுக்கவில்லை, தேய்க்கவில்லை, தட்டவில்லை. பொன்னுதுரைக்குப் பொறுக்கவில்லை.

“என்னம்மா, வைத்தியம் எப்ப ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சு அண்ணாச்சி.”

புல்லுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பதினைந்து வருஷமாகப் பொன்னுதுரையிடம் வேலை பார்ப்பவன். முதலாளி மூக்குடைபடுவதைப் பார்க்கும் பாக்கியம் அவனுக்கு எப்போதாவதுதான் வாய்க்கும்.

பொன்னுதுரை தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்பவர். நிறத்தைப் பார்த்து குதிரைக்கும் கருப்பட்டி என்றே பெயர் வைத்துவிட்டார். மாப்பிள்ளையூரணியில் குடோனுக்குப் பின்னால் அதற்கு ஒரு லாயம். ஆறு வருஷமாக விடிந்ததும் உப்பளத்துப் பாதையில் ஒரு சவாரி, பிறகுதான் கடை. அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அவர் வெறும் வியாபாரி, நாற்பத்தெட்டு வயசு, கொஞ்சம் தொப்பை.

மூன்று மாதமாக அந்தச் சவாரியில் மண் விழுந்துவிட்டது. கருப்பட்டி இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் திருப்பினால் தலையை உதறும், பின்னங்காலை உதைக்கும். கால்நடை டாக்டர் காலைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். “முரடாயிட்டுது, இனி வச்சிருக்க முடியாது” என்று பொன்னுதுரை ஊரெல்லாம் சொன்னார். கேள்விப்பட்டு வந்தவர்தான் வேம்பார் ஜாக்சன். ரெண்டு விசைப்படகு வைத்திருப்பவர். மகளுக்குக் குதிரை மேல் அவ்வளவு ஆசை. ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து கூட்டிப் போகிறேன் என்று விலை பேசி முடித்துவிட்டு, ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். “என் பிள்ள ஏறப்போவுது அண்ணாச்சி. கிருபாபாய் அக்கா கை வச்சுப் பாத்து சரின்னு சொல்லட்டும்.”

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் முதுகையும் இடுப்பையும் சரி செய்கிற பிசியோதெரபிஸ்ட் கிருபாபாய். முன்பு பெங்களூரில் பந்தயக் குதிரை லாயங்களில் ஏழு வருஷம் இருந்தவள். குதிரைக்கும் அதே கைதான், ஏறுகிறவனுக்கும் அதே கைதான் என்பாள்.

கருப்பட்டி திடீரென்று நீளமாகக் கொட்டாவி விட்டது. உதட்டை நக்கிக்கொண்டது. தலை மெல்லத் தாழ்ந்து, கண் பாதி மூடியது.

“ஏ, தூங்குது!” என்றான் சுடலைக்கண்ணு.

“தூங்கல. பிடிச்சு வச்சிருந்தத விடுது.” கிருபாபாய் பொன்னுதுரையைக் கூப்பிட்டு, அவர் கையை எடுத்து சேணம் உட்காரும் இடத்தில் வைத்தாள். வலப்புறம் பிசைந்த மாவு போல இருந்தது. இடப்புறம் பலகை. “இது குதிரைக்குத் தானா வந்த நோவு இல்ல அண்ணாச்சி. மேல இருந்து இறங்கினது. யார் யாரு ஏறுவாங்க?”

“நான் மட்டும்தான்.”

“அப்ப அடுத்து நீங்க.”

அவர் எதிர்ப்புச் சொல்வதற்குள் அவள் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து எடை பார்க்கும் மிஷின் இரண்டை எடுத்து வந்து தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் ஒரு கால், மற்றதில் மறு கால். நேராக நில்லுங்கள் என்றாள். நேராகத்தான் நின்றார். இடது காலில் ஐம்பத்திரண்டு கிலோ, வலது காலில் முப்பத்தாறு.

“மிஷின் ரிப்பேரு” என்றார்.

காபியோடு வந்த அவர் மனைவி செல்லக்கனி லாயத்துக் கதவுக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தாள். “ஏங்க, நீங்க பாதி பேருதான் நிக்கீங்களா?”

கிருபாபாய் சிரிக்காமல் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, வலது விலாவில் உள்ளங்கையை வைத்தாள். கனமே இல்லாத கை. ஆனால் அது தொட்டதும் பொன்னுதுரையின் மூச்சு நின்றுவிட்டது.

“எப்ப விழுந்தீங்க?”

“மூணு மாசம் இருக்கும். குடோன்ல எண்ணெய் வழுக்கி.”

“சரி” என்றாள். அந்தச் சரியில் அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. கை மட்டும் அங்கேயே இருந்தது. “மூச்ச விடுங்க அண்ணாச்சி. அவசரம் இல்ல.”

மூச்சை விட்டால் அந்தக் காலை நேரம் வெளியே வந்துவிடும் போலிருந்தது. உப்பளத்துப் பாதையில் வலப்பக்கம் திரும்பும் இடம். எதிரே வந்த உப்பு லாரியின் தார்ப்பாய் காற்றில் படீரென்று அடித்தது. கருப்பட்டி ஒதுங்கியது, குற்றம் அதன் மேல் இல்லை, எந்தக் குதிரையும் ஒதுங்கும். அவர் வலப்பக்கமாகத் தரையில் விழுந்தார். கண் விழித்தபோது லாரியின் பின் சக்கரம் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தது. கருப்பட்டி ஓடிப்போகாமல் பக்கத்தில் நின்று அவர் சட்டையை முகர்ந்துகொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே ஏறினார். வலப்பக்கம் என்றாலே உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது. இடது கை லகானை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. திரும்பு என்று சொல்லிக்கொண்டே திரும்பாதே என்று பிடித்தால் குதிரை என்ன செய்யும்? அவருக்குப் பாதி தெரிந்துதான் இருந்தது. அந்தப் பாதியை மூடத்தான் ‘முரடு’ என்ற பெயர். பெயர் வைத்த பிறகு விற்காமல் இருக்க முடியவில்லை. விற்கவோ மனசு இல்லை.

கிருபாபாயின் கை விலாவில் இருந்தபோதும் அவர் அதைச் சொல்லவில்லை.

கிருபாபாய் வியாழனும் சனியும் வந்தாள். அதுவரை யாரும் ஏறக்கூடாது என்றாள். ஒவ்வொரு முறையும் முதலில் குதிரை, பிறகு அவர். சனிக்கிழமை கருப்பட்டியின் இடப்புறமும் இளகிவிட்டது. “குதிரை விட்டிருச்சு அண்ணாச்சி. நீங்க இன்னும் விடல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை ஜாக்சன் வேனோடு வந்து சேர்ந்தார். கிருபாபாய் தலையசைத்ததும் கருப்பட்டி மேல் ஏறி, குடோன் மைதானத்தில் இடப்பக்கம் ஒரு வட்டம் போட்டார். பிறகு வலப்பக்கம். பொன்னுதுரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கருப்பட்டி வாய்க்காலில் தண்ணீர் திரும்புவது போலத் திரும்பியது. இன்னொரு வட்டம். இன்னொன்று.

“என்ன அண்ணாச்சி, இதையா முரடுன்னு சொல்லுதிய?” ஜாக்சன் இறங்காமலே கேட்டார். “பச்சப்பிள்ள கணக்கால்ல இருக்கு!”

“ஒருவேள முதலாளி மேலதான் கோவமோ என்னவோ” என்றான் சுடலைக்கண்ணு.

எல்லாரும் சிரித்தார்கள். வேனின் பின்கதவு திறந்து, பலகை சாய்த்து வைத்திருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் போதும். குதிரையும் போய்விடும், பொய்யும் அதோடு போய்விடும். வேம்பாரில் யாரும் கேட்கப்போவதில்லை.

“அதுக்கு ஒண்ணுமில்ல” என்றார் பொன்னுதுரை. “எப்பவுமே ஒண்ணுமில்ல. நான்தான் விழுந்தேன். உப்பளத்துப் பாதையில, லாரிக்கு முன்னால. அன்னையிலேருந்து எனக்கு வலப்பக்கம்னா பயம். பழிய அது மேல போட்டுட்டேன்.”

முதலில் பேசியது செல்லக்கனி.

“அப்ப குடோன்ல எண்ணெய் வழுக்கினது?”

“வழுக்கல.”

“அந்தத் தரைய நான் சோடா போட்டு மூணு தடவ கழுவினேனே! இடுப்பு ஒடிய!”

“கழுவும்போதே சொல்லணும்னு நெனச்சேன்.”

“நெனப்பீங்க!” என்றாள். கண் கலங்கியிருந்தது, தரைக்காக இல்லை, லாரிக்காக.

ஜாக்சன் இறங்கி வந்தார். முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாக இருந்தது. “வாக்குக் குடுத்திட்டிய அண்ணாச்சி. என் பிள்ள வாசல்ல காத்துக்கிட்டு கெடக்கு. வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போவச் சொல்லுதியளா?”

வாக்கு மாறியவர் என்ற பேர் பொன்னுதுரைக்கு இதுவரை இல்லை. “ரெண்டு மாசம் குடு ஜாக்சன். என் பயம் தெளியலன்னா நானே வேம்பாருக்குக் கூட்டிட்டு வந்து விடுதேன். அது வரைக்கும் உம் மவள வாரா வாரம் இங்கன கூட்டியா. இதுலயே பழகட்டும்.”

ஜாக்சன் குதிரையைப் பார்த்தார், கிருபாபாயைப் பார்த்தார். “இவரு தெளிவாராக்கா?”

“கை வச்சுப் பாக்கணும்” என்றாள் அவள். “ஆனா ஏறுனா லகான் பிடிக்கக் கூடாது. யாராவது கயிறு பிடிச்சு நடத்தணும். அண்ணாச்சி சும்மா உக்காந்து மூச்சு விடணும், அவ்வளவுதான். சின்னப்பிள்ளைய நடத்துத மாதிரி.”

“நான் பிடிக்கேன்” என்றாள் செல்லக்கனி.

சுடலைக்கண்ணு வாயைப் பிளந்தான். ஆறு வருஷத்தில் அவள் லாயத்துக் கதவைத் தாண்டி உள்ளே வந்தது கிடையாது.

அப்படித்தான் திங்கட்கிழமை காலை, உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களெல்லாம் நின்று வேடிக்கை பார்க்க, கருப்பட்டி மொத்த வியாபாரி பொன்னுதுரை இரண்டு கைகளையும் தொடையில் வைத்துக்கொண்டு குதிரை மேல் போனார். முன்னால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு செல்லக்கனி. பக்கத்தில், அவர் இடுப்பில் ஒரு கை வைத்தபடி கிருபாபாய்.

“அண்ணாச்சி, அடுத்த ரவுண்டு எனக்கு!” என்று ஒருத்தி கத்தினாள்.

“ஏளா, வரிசையில வா!” என்றார். காது சிவந்துபோனது. ஆனாலும் இறங்கவில்லை.

வலப்பக்கம் திரும்பும் இடம் வந்தது. செல்லக்கனி நின்றுவிட்டாள்.

“பயமா இருக்கா?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“இருக்கு.”

“எனக்குந்தான். இது மூச்சு என் கழுத்துல படுது.”

“அது கடிக்காது.”

“நீங்க சொன்னா நம்பணுமாக்கும்?” என்று சொல்லிவிட்டு, ஒரு அடி எடுத்து வைத்து, வலப்பக்கம் நடந்தாள்.