புளி தேய்த்த கம்பி

1946-ஆம் வருஷம் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து தூத்துக்குடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தேன். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு மீட்டர், ஈயப் பற்று வைக்கிற கருவி, கண்ணாடிக் குமிழ் மாதிரி நாலைந்து பழைய ரேடியோ வால்வுகள், அவ்வளவுதான். 'இசக்கியப்பன், பட்டாளத்து வயர்லெஸ் பிரிவில் அனுபவம்' என்று பலகையில் எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் இருந்த மூன்று வருஷத்தில் இரண்டரை வருஷம் சாமான் கிடங்கில் எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மீதி ஆறு மாதத்தில் அடுத்தவர் செய்வதை எட்டி நின்று பார்த்துக் கற்றதுதான் என் வித்தை. யாராவது துருவிக் கேட்டால் தெரிந்துவிடுமே என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனாலேயே சத்தமாகப் பேசுவேன்.

காயல்பட்டினத்து இஸ்மாயில் முதலாளிக்குக் கொழும்பில் வியாபாரம். ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து இரண்டு மாதம் இருப்பார். அந்தத் தடவை வரும்போது ஒரு ரேடியோ கொண்டுவந்திருந்தார். அவர்கள் தெருவுக்கு அப்போது கரண்ட் கிடையாது. பாட்டரியில் ஓடுகிற செட். ஒரு நாள் நன்றாகக் கேட்கிறது, மறுநாள் ஒரே இரைச்சல் என்று ஆள் விட்டார். கரி வாயுவில் ஓடுகிற பஸ் பிடித்துப் போனேன்.

ரேடியோவை முன்னறையில், உள்வாசல் திரையை ஒட்டி வைத்திருந்தார்கள். ஆண்கள் வெளியே உட்கார்ந்து கேட்கலாம், பெண்கள் திரைக்கு உள்ளே இருந்து கேட்கலாம்.

"இந்தா, இப்படித்தான் இரையுது. என்னண்ணு பாரும்" என்றார் இஸ்மாயில்.

பாட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மொட்டை மாடியில் ஏறி, இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டியிருந்த ஏரியல் கம்பியைப் பார்த்தேன். அதிலும் குறையில்லை. பின்பலகையைக் கழற்றி வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இஸ்மாயிலின் மனைவி பதுருன்னிஸா. என்னிடம் நேராகப் பேசவில்லை, கணவரிடம் சொன்னாள்.

"மழை பெஞ்ச அன்னைக்கு நல்லாக் கேக்குதுண்ணு அவருகிட்டச் சொல்லுங்க. நாலு நாள் வெயில் காஞ்சா இரைச்சல் வந்துருது."

இஸ்மாயில் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அதன் அர்த்தம் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"மழைக்கும் ரேடியோவுக்கும் என்ன முதலாளி சம்பந்தம்? மழை வானத்துல பெய்யுது. கோளாறு பொட்டிக்குள்ளல்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவரும் சிரித்தார்.

ஒரு வால்வு தளர்ந்துபோயிருக்கிறது, கடையில் வைத்துப் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்று ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடையில் வேறொரு செட்டில் போட்டுப் பார்த்தால் அந்த வால்வு கணீரென்று பாடியது. அதில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், அடுத்த வாரம் அதே வால்வைத் துடைத்து எடுத்துப் போய் அதே இடத்தில் மாட்டினேன். பாட்டரிக் கிளிப்புகளையும் மாட்டிவிட்டு, இரைச்சல் வந்தால் என்ன சாக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே குமிழைத் திருப்பினேன்.

ரேடியோ பளிச்சென்று பேசியது. கொழும்பு நிலையத்தில் ஒருவர் தமிழில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் இருந்து பேசுவதுபோல் இருந்தது.

எனக்கே ஆச்சரியம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

"நான் சொன்னேம்லா முதலாளி, வால்வுதான்" என்றேன்.

இஸ்மாயில் என் தோளில் தட்டிக் கொடுத்தார். தெருவில் உள்ள நாலு பேரிடம் என் பேரைச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் ஆள் வந்தது. ரேடியோ அடியோடு நின்றுவிட்டதாம். போனபோது இஸ்மாயில் வாசலிலேயே கோபமாக நின்றார்.

"வாரும், இங்கன வந்து பாரும். நீரு சரி பண்ணிட்டுப் போனத எங்க வீட்டுல நோண்டிக் கெடுத்து வச்சிருக்கா."

முற்றத்தின் மூலைக்குக் கூட்டிப்போனார். ரேடியோவிலிருந்து வருகிற கம்பியை அங்கே மண்ணுக்குள் ஒரு குழாயில் கட்டிப் புதைத்திருந்தார்கள். அதை எர்த் என்போம். அந்த இடத்தில் மண்ணைத் தோண்டி ஈரமாக விட்டிருந்தது. செம்புக் கம்பி, விளக்கிய குடம் மாதிரி சிவப்பாகப் பளபளத்தது. பக்கத்தில் பிழிந்த புளிச் சக்கை கிடந்தது.

"காலைல கையும் களவுமாப் பிடிச்சேன். கம்பில பச்சையாக் களிம்பு ஏறியிருந்திச்சாம், புளி போட்டுத் தேச்சாளாம். அன்னைக்கு நீரு வால்வக் கொண்டுபோனீருல்லா, அப்பவும் ஒரு தடவ தேச்சிருக்கா. தெனம் ஒரு குடம் தண்ணி வேற ஊத்திக்கிட்டு வந்திருக்கா. எவளாவது ரேடியோவுக்குத் தண்ணி ஊத்துவாளா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடற்கரை மணல். வெயில் அடித்தால் ஈரம் ஓடிப்போகும். உப்புக் காற்றில் கம்பியில் களிம்பு பிடிக்கும். எர்த் செத்துப்போனால் ரேடியோ இரையும். மழை பெய்தால் மண் நனைந்து சரியாகும். திரைக்குப் பின்னாலிருந்து அவள் முதல் நாளே எனக்குச் சொன்னது இதைத்தான். நான் சிரித்த பிறகு, தானாகவே யோசித்து, அடுக்களையில் செம்புப் பாத்திரம் விளக்குகிற புளியைக் கொண்டே சரிசெய்துவிட்டாள். நான் கொண்டுவந்த வால்வு ஒன்றும் செய்யவில்லை.

உள்ளே போய்ப் பின்பலகையைத் திறந்தேன். ஏன் நின்றது என்று பார்த்த உடனே தெரிந்தது. பாட்டரியில் மாட்டியிருந்த கிளிப்பு ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவசரத்தில் நான்தான் அதைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறேன். என் முதுகு இஸ்மாயிலுக்கு மறைப்பாக இருந்தது. கிளிப்பை மாட்டித் திருகினேன். ரேடியோ பாடியது.

"என்னவாம்?" என்று கேட்டார் இஸ்மாயில்.

நான் பின்பலகையை மாட்டத் தொடங்கினேன்.

"புளி பட்டதாலயா?"

அவரே வழி காட்டிக் கொடுத்துவிட்டார். நான் அந்த வழியில் போனேன்.

"புளி, உப்பெல்லாம் கம்பிக்கு ஆகாது முதலாளி. பொம்பளையாளுக கை வைக்காம இருந்தா நல்லது."

"நான் பொட்டியத் தொடவே இல்ல" என்றது உள்ளிருந்து குரல். "கம்பியத்தான் தேச்சேன். தேச்ச பொறகுதான் நல்லாக் கேட்டிச்சு."

"வாய மூடு புள்ள! தெரிஞ்ச மனுசன் சொல்லுதாரு, நீ எதுத்துப் பேசுத. அறிவு கெட்டவ." அதற்கு மேலும் இரண்டு வார்த்தை சொன்னார். அந்நிய ஆள் ஒருவன் முன்னால் எந்தப் பெண்ணையும் சொல்லக் கூடாத வார்த்தைகள். நான் திருப்புளியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு, தேத்தண்ணிக் கிளாஸைத் தரையில் வைத்தது. விரல் நுனியெல்லாம் புளியில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. நகக்கண்ணில் பச்சைக் களிம்பு. கோபத்தில் கிளாஸை இடிக்கவில்லை, ஒரு துளி சிந்தவில்லை. இந்த வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்க வேண்டிய தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அந்தக் கை உள்ளே போனது.

குடித்தேன்.

நாலாம் நாள் இஸ்மாயில் வண்டியில் ரேடியோவை ஏற்றிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார்.

"இது உம்மகிட்டயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கப்பல் ஏறுதேன். நான் இல்லாதப்ப அவ கையில இருந்தா உருப்படாது. திரும்பி வந்து வாங்கிக்கிடுதேன்."

"வீட்டுல கேக்க ஆசப்படுவாகளே முதலாளி" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"ஆசதான். நான் கொழும்புல இருக்கும்போது அந்த ஊரு ஸ்டேஷன வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. அங்கன மழையா வெயிலாண்ணு தெரியுமாம். ஒண்ணும் வேண்டாம். கடுதாசி போட்டாப் போதும்."

அவர் போன பிறகு ரேடியோவை மேஜையில் வைத்தேன். சாயந்தரம் கொழும்பு நிலையத்தைத் திருப்பினேன். யாரோ ஒரு பெண் பாடினாள். அப்புறம் அங்கே பெய்கிற மழையைப் பற்றி ஏதோ சொன்னார்கள். நிறுத்திவிட்டேன். மறுநாளும் திருப்பினேன், மறுநாளும் நிறுத்தினேன். வேறு வேலை ஓடவில்லை. பட்டாளத்துக் கிடங்கில் ஒரு தடவை, நான் தொலைத்த ஒரு சாமானுக்காக இன்னொருவன் வெயிலில் நின்றான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அது அந்த வயசு, அந்தப் பயம் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். இப்போது சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை காலை ரேடியோவைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த இஸ்மாயில் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன, மறுபடியும் கெட்டுப் போச்சா?"

"பொட்டி நல்லா இருக்கு முதலாளி. நான்தான் கெட்டது" என்று ஆரம்பித்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வால்வில் குறையில்லாதது, எர்த், களிம்பு, நான் முறுக்காமல் விட்ட கிளிப்பு, முதுகால் மறைத்துக்கொண்டு மாட்டியது. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் போனது. சத்தமாகப் பேசிப் பழகியவன், அன்றைக்கு அவர் "என்னது, என்னது?" என்று குனிந்து கேட்கும்படி பேசினேன்.

அவர் கத்தவில்லை. அடிப்பாரோ என்றுகூட நினைத்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அன்னைக்கு அவளப் பாத்து என் வாயில வந்ததெல்லாம்..." என்றார். முடிக்கவில்லை. பெட்டிக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீரே அவகிட்டச் சொல்லும். எனக்கு முகமில்ல" என்றார்.

திரையைப் பார்த்து நின்றேன். அதுவரை நான் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அம்மா, நீங்க முதல் நாளே சரியாச் சொன்னீங்க. கேலி பண்ணினேன். அப்புறம் என் தப்ப உங்க தலையில போட்டேன். மன்னிக்கணும்."

அவள் கணவரிடம்தான் பேசினாள். "பொட்டிய வச்ச எடத்துல வைக்கச் சொல்லுங்க."

வைத்தேன். எர்த் கம்பியைக் கட்டினேன்.

"இவுக நாளைக்குக் கப்பல் ஏறிருவாக. பொறகு இது கெட்டா நான் யாருகிட்டப் போவேன்? என்னென்ன கோளாறு வரும், எத எதப் பாக்கணும், ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

அந்த ஊர்ப் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் உரசுவது கேட்டது. சத்தம் கம்மியானால் ஏரியல் கம்பி தென்னை மட்டையில் உரசுகிறதா பார்க்கணும். கரகரத்தால் வால்வைக் கழற்ற வேண்டாம், லேசாக அமுக்கிப் பார்த்தால் போதும். இரைந்தால் எர்த்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள். முதல் தடவையாக என்னிடமே சொன்னாள்.

"அடியோட நின்னுபோனா, பாட்டரிக் கிளிப்பு கழண்டிருக்காண்ணு பாக்கணும்."

"அது எப்படித் தானாக் கழலும்?"

"மாட்டினவன் சரியா முறுக்காம விட்டாக் கழலும்" என்றேன்.

பேனா ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் எழுதியது.

இஸ்மாயில் அந்த நேரம் முழுவதும் பெட்டிக் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பஸ் வரைக்கும் என்கூட நடந்து வந்தார்.

மூன்று மாதம் ஆகியிருக்கும். காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் ஒரு செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ஒரு வால்வு நிஜமாகவே எரிந்துபோயிருந்தது.

"மத்த எல்லாத்தையும் உம்ம தாளப் பாத்துப் பாத்துட்டோம்" என்றார். "இஸ்மாயில் முதலாளி வீட்டுல இருக்கே, அது. எங்க தெருவுல ரேடியோ வச்சிருக்க அத்தன வீட்டுப் பொம்பளையாளுகளும் அதப் பாத்து எழுதி வச்சிருக்காக. புளி போட்டுத் தேய்க்கணும், தெனம் தண்ணி ஊத்தணும்ணுகூடப் போட்டிருக்கீராமே. எப்பேர்ப்பட்ட மூள உமக்கு!"

"அது என் மூள இல்ல. அந்த வீட்டு அம்மா கண்டுபிடிச்சது, அவுகதான் எழுதினாக. நான் அத முதல்ல தப்புண்ணு சொன்னவன்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பெரிய மனசுக்காரருய்யா நீரு. வித்தை தெரிஞ்சவங்க இப்படித்தான் பேசுவாங்க."

இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன். அவர் அதற்கும் சிரித்தார். எரிந்த வால்வைக் கழற்றக் குனிந்துகொண்டேன். முகத்தை நிமிர்த்த முடியவில்லை.