நாலு நிமிட தூரம்

எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு ரயில், இரண்டு பேருந்து, இரண்டரை மணி நேரம். எட்டு மணி வகுப்புக்கு நான் ஐந்து மணிக்கே எழ வேண்டும். எழாவிட்டால் அம்மா திட்ட மாட்டாள், தட்ட மாட்டாள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். வேர்த்து விறுவிறுத்து நானே எழுந்துவிடுவேன். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட வகுப்புக்குத் தாமதமாகப் போனதில்லை. ஆனால் ரயிலில் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் தோளில் தூங்கியிருக்கிறேன்.

என் தோழி தூங்குமூஞ்சி வளாகத்துக்குள்ளேயே விடுதியில் இருந்தாள். அவள் அறையிலிருந்து வகுப்புக்கு நாலே நிமிடம். எட்டு அடித்ததும் பேராசிரியர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். வாரத்தில் மூன்று நாள் அது அவள் மூக்குக்கு நேராகத்தான் சாத்தப்படும்.

எனக்கு வயிறு எரியும். எனக்கும் விடுதி வேண்டும் என்று அப்பாவிடம் ஒரு வருடம் கரடியாய்க் கத்தினேன். கடைசியில் அப்பா விடுதி விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வாரம் அங்க தங்கிப் பாரு. அஞ்சு நாளும் நேரத்துக்குப் போனா வெள்ளிக்கிழமை கையெழுத்து. ஒரு நாள் லேட்டானாலும் ரயில்தான்."

விடுதி அறையில் ஒரே கட்டில். அதனால் அந்த வாரம் தூங்குமூஞ்சி எங்கள் வீட்டுக்குப் போனாள், நான் அவள் அறைக்குப் போனேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கு எழுந்தேன். ஆகா, வாழ்க்கை என்றால் இதுவல்லவா. செவ்வாய் ஏழே முக்கால். புதன்கிழமை கண் விழித்தபோது எட்டாக ஆறு நிமிடம் இருந்தது. நாலு நிமிடம்தானே என்று இன்னும் இரண்டு நிமிடம் கண்ணை மூடினேன். திறந்தபோது எட்டு இருபது.

வகுப்புக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில், என் இடத்தில், தலையைப் படிய வாரிக்கொண்டு தூங்குமூஞ்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் டிபன் பாக்ஸ். வியாழனும் அதே கதை, வெள்ளியும் அதே கதை.

அவளிடம் போய் அழுதேன். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வாயைத் தொறக்காதே," என்றாள். எப்பேர்ப்பட்ட மனசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலை இருவரும் வீட்டுக்கு வந்தோம். அவள் முந்திக்கொண்டு அப்பாவிடம் பேசினாள். அப்பா பேனாவைத் திறந்தார். "ஒரு நாள்கூட லேட்டாகலையாமே. பரவாயில்லையே," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பையை வைக்க என் அறைக்கு ஓடினேன். அலமாரி நிறைய அவள் துணி. அது ஐந்து நாளுக்கான துணி இல்லை, ஐந்து மாதத்துக்கு வரும். அப்போது சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"கண்ணு, திங்கக்கிழமைக்கு என்ன கட்டித் தரட்டும்?"

கண்ணு என்று அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். நான் வாயெடுப்பதற்குள் தூங்குமூஞ்சி பதில் சொன்னாள். "இன்னிக்குக் கட்டினதையே கட்டுங்க, அத்தை."

அத்தையாம். கூடாரத்தில் ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். பாய்ந்து போய் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

"அப்பா, நான் மூணு நாள் லேட்டு. கதவுக்கு வெளியதான் நின்னேன். இவ பொய் சொல்றா."

"உனக்காகத்தானேடி சொன்னேன்," என்றாள் அவள்.

"எனக்காகவா, என் கட்டிலுக்காகவா?"

அவள் தரையைப் பார்த்தாள். "அங்க என்னை எழுப்ப யாருமே இல்லடி," என்றாள்.

அதற்குமேல் அவளை விடுதிக்குத் திரும்பிப் போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தார். "அப்ப ரயில்தான்," என்றார்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மின்விசிறி நின்றது. ஒரே கட்டிலில் இரண்டு பேர் வேர்த்துக்கொண்டு எழுந்தோம். அம்மா இரண்டு டிபன் பாக்ஸ் கட்டியிருந்தாள். ரயிலில் அவள் என் தோளில் தூங்கினாள். நான் யாரோ ஒருவர் தோளில் தூங்கினேன்.