எள்ளுக்காட்டு விருந்தாளி

அன்று வில்லாபுரம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன், அவருடைய கடைசி மகள் திவ்யா, அவளைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து வந்த சூரியபிரகாஷ், அவன் தாய் அன்னக்கொடி, தாய்மாமன் அருள்பாண்டி. கருத்தக்கண்ணனின் மனைவி முத்துத்தாய் சுவரில் மாலையிட்ட படத்தில் இருந்தாள்.

இரண்டு சம்பந்தம் தட்டிப்போன பின் வந்த இடம். இதுவும் நழுவினால் சொந்தபந்தத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று கருத்தக்கண்ணன் நினைத்திருந்தார். பேச்சும் பூ வைக்கும் அளவுக்குக் கனிந்திருந்தது.

விளக்குப் போட்டதும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூச்சி டியூப்லைட்டில் மோதி, முத்துத்தாயின் படத்தில் போய் உட்கார்ந்தது. முதுகில் அச்சடித்தாற்போல் மண்டையோடு. அருள்பாண்டி துண்டால் தட்ட, அது எலிக்குஞ்சுபோல் கீச்சிட்டது.

“யக்கா, பூச்சி கத்துது!”

“அடிக்காதீங்க மாமா.” திவ்யா செல்போனில் படமெடுத்துத் தேடினாள். “மண்டையோட்டு அந்துப்பூச்சியாம். தேன்கூட்டுக்குள்ள பூந்து தேன் குடிக்குமாம், தொட்டா கத்துமாம். அப்பா, நம்ம எள்ளுச் செடியில வாலுல கொம்பு வச்சுப் பச்சையா இருக்குமே, அதுதான் இதோட புழுவாம். மண்ணுக்குள்ள போயி, கூடாகி, இப்படி வெளிய வருதாம்.”

கருத்தக்கண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எள் விதைத்த காலமெல்லாம் பார்த்த புழு. மண்ணுக்குள் போனபின் அது என்ன ஆகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் நசுக்கப் போகும்போதெல்லாம் முத்துத்தாய் இலையோடு கிள்ளிக் கொண்டுபோய் வரப்போரச் செடியில் விடுவாள். புழு தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும். முத்துத்தாய் சிரிப்பாள்.

“பாருங்க, ஒங்களாட்டமே வெறைச்சுக்கிட்டு நிக்கிறத! இத நசுக்க எப்படி மனசு வரும்?”

அவரைப் பார்த்து அப்படிச் சிரிக்க அவள் ஒருத்திக்குத்தான் துணிச்சல் இருந்தது.

அன்னக்கொடி தொண்டையைச் செருமினாள். “தப்பா நினைக்காதீகண்ணே. மண்டையோட்டைச் சொமந்துக்கிட்டு அந்த மதினி படத்துலயே வந்து உக்காருது. அவுக சாவு நல்ல சாவுதானான்னு கேட்டுக்கிருவோம். ஒரு பரிகாரம் பண்ணிட்டு மேக்கொண்டு பேசலாம்.”

சூரியபிரகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கருத்தக்கண்ணன் மகளைப் பார்த்தார். அவள் வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தாள். அவர் எழுந்தார்.

“காபி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்கம்மா. நான் பொண்ணு குடுக்கல.”

பூச்சிக்குப் பயந்து மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை வேண்டாமென்று எழுந்து போனதாகத் திருமங்கலத்தில் பேச்சு இருக்கிறது. அது தவறு. வேண்டாமென்றது பெண் வீடு.